சைக்கிள் கேமராவில் சிக்கிய வண்டி

பவித்ராவுக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. அவ்வளவுதான். ஆனால் வீட்டில் நடந்த களேபரத்தைப் பார்த்தவர்கள் கையே போய்விட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

பவித்ரா ஆறாம் வகுப்பு. நெமிலிச்சேரியில் வீடு, பட்டாபிராமில் பள்ளி. தினமும் சைக்கிளில்தான் போவாள். அந்த வெள்ளிக்கிழமை காலை, ஒரு ஷேர் ஆட்டோ அவளை உரசுகிற மாதிரி வந்தது. என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் அவள் சாலையோர மணல் குவியலில் உட்கார்ந்திருந்தாள். ஆட்டோ நிற்கவே இல்லை.

"போதும்டி. திங்கக்கெழமலேர்ந்து நீ வேன்ல போ" என்றார் அம்மா கலைவாணி.

வேன் என்றாலே பவித்ராவுக்குப் பிடிக்காது. காலை ஆறே முக்காலுக்கே வந்துவிடும். ஊரெல்லாம் சுற்றும். ஒரு சீட்டில் நான்கு பேர், அந்த நான்கு பேர் மடியில் நான்கு பைகள். சைக்கிளில் போனால் காற்று வாங்கலாம், பாட்டுப் பாடலாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். சைக்கிள் என்றால் அவளுக்கு உயிர்.

"அம்மா, இடிச்சிட்டு ஓடுனது ஆட்டோக்காரரு. வேன்ல போற தண்டனை எனக்கா?"

"எவன் இடிச்சான்னு உனக்குத் தெரியுமா? வண்டி நம்பர் தெரியுமா?"

பவித்ரா யோசித்தாள். "கேமரா இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றாள்.

அப்பா மணவாளன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். அவர் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். ஒயர் வைத்த எந்தப் பொருளைப் பற்றிப் பேசினாலும் அவர் முகம் மலர்ந்துவிடும். "சைக்கிளுக்குன்னே சின்ன கேமரா கீதுபா. பொறந்த நாளைக்கு வாங்கித் தர்றத இப்பவே வாங்கித் தந்துடறேன்" என்றார்.

அம்மா இருவரையும் மாறி மாறி முறைத்தார். கடைசியில் ஒரு விரலை நீட்டினார். "ஒரு வாரம். அடுத்த வெள்ளிக்கெழம வரைக்கும் பாப்பேன். ரோடு சரியில்லன்னு எனக்குத் தோணிச்சுன்னா வேன்தான். அப்புறம் அழக்கூடாது."

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் பவித்ராவும் பட்டாபிராமில் வேம்புலி அண்ணனின் செல்போன் கடைக்குப் போனார்கள். பக்கத்து வீட்டு ஜெகனும் கூடவே வந்தான். ஜெகன் பவித்ராவின் வகுப்புதான். அவனை யாரும் கூப்பிடவில்லை. எங்கே எது நடந்தாலும் அவன் அங்கே இருப்பான், அவ்வளவுதான்.

வேம்புலி அண்ணன் மூன்று கேமராக்களை எடுத்து வைத்தார். "இது ஹெல்மெட்ல மாட்றது. இது ஹேண்டில்பார்ல மாட்றது, வெல கம்மி. இது அதே மாதிரிதான், கொஞ்சம் ஒசத்தி. எது ஓணும் பாப்பா?"

அப்பா பெட்டியில் அச்சடித்திருந்த எண்களை எல்லாம் படிக்க ஆரம்பித்தார். பவித்ரா அதைப் பார்க்கவே இல்லை. "அண்ணா, ஓட்டிப் பாத்துட்டு சொல்லட்டுமா?" என்றாள்.

"கேமராவ ஓட்டிப் பாக்கப் போறியா?"

"சைக்கிள்ல மாட்டி ஓட்டிப் பாக்கறேன். வண்டி நம்பர் தெரியுதான்னு பாக்கணும்ல."

வேம்புலி அண்ணன் சிரித்தார். "இன்னா நைனா, உம் பொண்ணு கேமரா வாங்க வந்தாளா, கேமராவப் பொண்ணு பாக்க வந்தாளா?" என்று அப்பாவிடம் கேட்டார். ஆனாலும் கேமராக்களைக் கொடுத்தார்.

வண்டிக்கு எங்கே போவது? ஜெகன்தான் வண்டி. ஓர் அட்டையில் பெரிய எண்களை எழுதி அவன் முதுகில் கட்டினார்கள். பவித்ரா கடைக்குப் பக்கத்துத் தெருவில் சைக்கிள் ஓட்டுவாள். ஜெகன் பின்னாலிருந்து ஓடிவந்து அவளை முந்திப் போக வேண்டும்.

முதலில் ஹெல்மெட் கேமரா. திரும்பி வந்து போட்டுப் பார்த்தால் ஜெகனையே காணோம். தெருமுனைக் கடையில் எண்ணெயில் மிதந்த பஜ்ஜிதான் தெரிந்தது, அதுவும் மிகத் தெளிவாக.

"தல எங்க திரும்புதோ கேமராவும் அங்க திரும்பும். நீ ரோட்டப் பாக்கலியா?" என்றார் அப்பா.

"வாசன வந்துச்சு" என்றாள் பவித்ரா.

அடுத்தது விலை குறைந்த கேமரா. தெரு முழுக்கக் குண்டும் குழியும். படத்தில் ஜெகனின் முதுகு மேலும் கீழும் ஆடியது. மூன்றா, ஐந்தா, ஆறா, எட்டா என்று நான்கு பேரும் நான்கு விதமாகச் சொன்னார்கள்.

மூன்றாவது கேமராவில் எண் தெரிந்தது, ஆனால் லேசாக அதிர்ந்தது. பவித்ரா பக்கத்து சைக்கிள் கடையில் ஒரு பழைய டியூப் துண்டைக் கேட்டு வாங்கிவந்தாள். அதை ஹேண்டில்பாரில் சுற்றி, அதன் மேல் கேமராவை மாட்டினாள். இப்போது எண் பளிச்சென்று தெரிந்தது.

"இதான்" என்றாள்.

"நல்லவேள, முடிஞ்சிது" என்று ஜெகன் படிக்கட்டில் சாய்ந்தான். எட்டுமுறை ஓடியிருந்தான். அப்பா அவனுக்கு இரண்டு தட்டு பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை பவித்ரா பெருமையோடு கிளம்பினாள். மாலையில் வந்து அப்பாவின் செல்போனில் வீடியோவைப் போட்டாள். திரை முழுக்க ஒரு பெரிய சிவப்பு வட்டம். வட்டத்துக்கு வெளியே கொஞ்சம் வானம், கொஞ்சம் மரக்கிளை. ஆட்டோ வந்த சத்தம் கேட்டது, லாரி போன சத்தம் கேட்டது. வண்டிகளைத்தான் காணோம்.

"பட்டாபிராமுக்கு நடுவுல சூரியன் எறங்கிருச்சா?" என்றார் அப்பா.

பவித்ரா வெளியே ஓடிப்போய்க் கேமராவைப் பார்த்தாள். கண்ணாடிக்கு நட்டநடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்த ஒரு பொட்டு.

"அம்மா, நீ வெச்சியா?"

"புதுசா வாங்குன பொருளாச்சே. காத்தாலயே சாமி படத்துக்கு முன்னாடி காட்டி, பொட்டு வெச்சி, எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டேன்" என்றார் அம்மா. கொஞ்சம் தயங்கிவிட்டு, "அதுதான் நெத்தின்னு நெனச்சேன்" என்றார்.

அப்பா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. பொட்டு அன்று மாலையே கேமராவின் முதுகுப் பக்கத்துக்கு இடம் மாறியது.

செவ்வாயும் புதனும் வீடியோ மிகத் தெளிவாக இருந்தது. அதுதான் வினையாகிப் போனது. தண்ணீர் லாரி ஒன்று ஒட்டிப் போனது தெரிந்தது. இரண்டு ஷேர் ஆட்டோக்கள் போட்டி போட்டுக்கொண்டு முந்தியது தெரிந்தது. அப்பா ஒவ்வொரு எண்ணாக நோட்டில் எழுதினார். அம்மாவோ ஒவ்வொரு வண்டிக்கும் ஒருமுறை நெஞ்சில் கை வைத்தார்.

"இவ்ளோ கிட்ட வந்தா போவுது? இதெல்லாம் நீ சொல்லவேல்லியே" என்றார்.

பவித்ராவுக்கு அப்போதுதான் உறைத்தது. கேமரா எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ, அவ்வளவு சீக்கிரம் வேன் வந்துவிடும். தன் காசில் தானே சூனியம் வைத்துக்கொண்ட கதைதான்.

வியாழக்கிழமை மாலை அவளும் ஜெகனும் அன்றைய வீடியோவை முதலில் பார்த்தார்கள். ஸ்டேஷன் ரோட்டில், பவித்ராவின் கைப்பிடியை நூலிழையில் தவிர்த்துக்கொண்டு ஒரு ஸ்கூட்டர் ஹாரன் அடித்தபடி பறந்தது. சைக்கிள் ஒருமுறை தள்ளாடியது. அந்த வாரத்திலேயே மிக அருகில் வந்த வண்டி அதுதான். வண்டியின் எண்ணைப் பார்த்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உங்கம்மா" என்றான் ஜெகன்.

பவித்ரா தலையசைத்தாள். அம்மாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை. ஸ்கூட்டரில் ஸ்டேஷனுக்குப் போய் எட்டுப் பத்து ரயிலைப் பிடிப்பார். அன்று கேஸ் தீர்ந்துபோய், சிலிண்டர் மாற்றி, தாமதமாகிவிட்டது.

"மாட்டினாங்கடா மாமே" என்று ஜெகன் கைதட்டினான். "இத எல்லாருக்கும் போட்டுக் காட்டு. அப்புறம் உன்ன வேன்ல போன்னு சொல்ல அவங்களுக்கு வாயே வராது."

பவித்ராவுக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லார் முன்னாலும் அம்மா தலைகுனிந்து நிற்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. "தனியா சொல்லிக்கறேன். நீ யாராண்டயும் சொல்லாத" என்றாள்.

அம்மா சமையலறையில் தனியாக இருந்த நேரம் பார்த்துச் செல்போனோடு போனாள். போன வேகத்தில் பின்னாலேயே அப்பாவும் நோட்டும் பேனாவுமாக வந்து நின்றார். இனி என்ன செய்வது? அந்த இடம் வந்ததும் பவித்ரா விரலால் வேகமாகத் தள்ளினாள்.

"ஏன் ஓட்டற? பின்னாடி கொண்டா" என்றார் அம்மா.

"அது ஒண்ணும் இல்லம்மா."

"கொண்டான்றேன்ல."

ஸ்கூட்டர் மறுபடியும் பறந்தது. அம்மாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "யாரு இவ? கண்ணு தெரியாதா? முன்னால ஒரு கொழந்த போவுதேன்னு அறிவு வேணாம்? இவளுக்கெல்லாம் எவன் லைசென்ஸ் குடுத்தான்? எழுதிக்கோங்க, நம்பர் சொல்றேன். நாலு... ஏழு..."

அம்மா அதோடு நிறுத்திவிட்டார்.

அப்பா திரையைப் பார்க்காமலே எழுதி முடித்தார். "ரெண்டு, ஒண்ணு" என்றார் மெதுவாக.

அம்மா கொதித்துக்கொண்டிருந்த சாம்பாரை இறக்கி வைத்தார்.

"நீ அப்பவே ஸ்கூலுக்குப் போய்ட்டிருப்பன்னு நெனச்சேன்டி" என்றார் அம்மா.

"காத்தடிக்க நின்னேன்மா."

"அது நீன்னு எனக்குத் தெரியலியே. எம் பொண்ண எனக்கே தெரியலியே" என்ற அம்மாவின் கண்கள் நிறைந்துவிட்டன. பவித்ரா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அப்பா நோட்டை மூடி அலமாரிக்கு மேல் வைத்தார். சிரிக்கவேண்டும் போல இருந்தாலும் அவர் சிரிக்கவில்லை. புத்திசாலி.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பெத்தவளே இப்டி ஓட்டுனா மத்தவன் எப்டி ஓட்டுவான்? நாளைக்கி ஒரு நாள் போ. திங்கக்கெழமலேர்ந்து வேன்தான். வண்டிக்காரர்கிட்ட ராத்திரியே பேசிடறேன்."

பவித்ரா வாசலில் சைக்கிளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஓர் ஆட்டோ தெருவில் போனது. அதன் முதுகில், 'சிரித்து வாழ வேண்டும், சீறி ஓட்ட வேண்டாம்' என்று மஞ்சள் எழுத்தில் எழுதியிருந்தது. அவளும் அதைப் படித்துக்கொண்டே அது மறையும்வரை பார்த்தாள்.

முன்னால் போகிற வண்டியில் எதை எழுதினாலும் பின்னால் வருகிறவர்கள் படிக்கிறார்கள். அம்மாவுக்கு அது நான் என்று தெரியாததுதானே பிரச்சினை? தெரிந்திருந்தால் அம்மா அப்படி வந்திருக்கவே மாட்டார். அப்படியானால் தெரிய வைத்துவிட்டால்?

பவித்ரா எழுந்து ஜெகன் வீட்டுக்கு ஓடினாள்.

மறுநாள் காலை, அம்மா ஸ்கூட்டரை வெளியே எடுத்தபோது பவித்ராவின் சைக்கிளில் கேரியருக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பலகை தொங்கியது. அப்பாவின் கடைப் பெயின்டில், கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது:

'பார்த்துப் போங்க. உங்க ஊட்டுப் பொண்ணா இருக்கலாம்.'

அம்மா அதை ஒருமுறை படித்தார். இன்னொருமுறை படித்தார். கம்பெனிக்குப் போன் செய்து ஒரு மணி நேரம் பெர்மிஷன் கேட்டார். பிறகு, "நீ போ. நான் பின்னாடியே வரேன்" என்றார்.

பவித்ரா முன்னால் போனாள். கொஞ்சம் இடைவெளி விட்டு அம்மா பின்னால் வந்தார். ஒரு தண்ணீர் லாரி உறுமிக்கொண்டு வந்தது. பலகைக்கு அருகில் வந்ததும் அதன் உறுமல் குறைந்தது. கிளீனர் தலையை வெளியே நீட்டி வாய்விட்டுப் படித்தார். லாரி நன்றாக ஒதுங்கி முந்திப் போனது.

அடுத்து ஒரு ஷேர் ஆட்டோ. அதில் இருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, அம்மாவின் பக்கம் திரும்பி, "யக்கா, யாரூட்டுப் பொண்ணு இது? சோக்கா எழுதிக்கீது" என்றார்.

"எங்க ஊட்டுப் பொண்ணு" என்று சிரித்தார் அம்மா. பள்ளி வாசல் வரைக்கும் அந்தச் சிரிப்பு அம்மாவின் முகத்தைவிட்டுப் போகவில்லை.

அன்று மாலை வீடியோவை எல்லாருமாக உட்கார்ந்து பார்த்தார்கள். அப்பா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கடைசிவரை காத்திருந்தார். ஒரு வண்டிகூட ஒரு கை தூரத்துக்குள் வரவில்லை.

அம்மா வேன்காரருக்குப் போன் செய்தார். "அண்ணே, திங்கக்கெழம வர வேணாம். ஆமா, சைக்கிள்லயே போறா."

பவித்ரா போட்ட கூச்சல் ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். ஜெகன் தனக்கும் ஒரு பலகை எழுதப் போவதாகச் சொன்னான். 'நான் உங்க பையன் இல்ல, இருந்தாலும் மெதுவா போங்க' என்று அவனே வாசகம் தயாரித்து வைத்திருந்தான்.

"எனக்கும் ஒண்ணு எழுதித் தாடி" என்றார் அம்மா.

"உனக்கா? ஸ்கூட்டருக்குப் பின்னாடி மாட்டவா?"

"பின்னாடி வேணாம். முன்னாடி, மீட்டராண்ட. நான் பாக்கற மாதிரி."

பவித்ரா ஒரு சின்ன அட்டையை எடுத்தாள். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, அம்மாவுக்காக வாசகத்தைக் கொஞ்சம் மாற்றி எழுதினாள்:

'பார்த்துப் போம்மா. முன்னாடி போறது நான்தான்.'