முப்பத்தொன்பதாவது நோட்டு

அந்தப் பள்ளியில் நான் சேர்ந்தது வருட நடுவில். எனக்கு முன்பிருந்த இலக்கிய ஆசிரியர் ஒரு நாள் மதியம் எழுந்து போனவர், திரும்பவில்லை என்றார்கள். ஆசிரியர் அறை மூன்றாம் மாடியின் கோடியில். நாற்பத்திரண்டு படிகள். இரண்டு இடத்தில் நின்று, இடது தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டுதான் ஏறுவேன். நோட்டுக் கட்டின் கனம், வேறென்ன.

பாடம் ஒரு பழைய காதல் நாடகம். துயரத்தில் முடிவது. படகுக்காரன் மகனும் அக்கரை வணிகர் மகளும் காதலர்கள். முதல் காட்சியில் படகின் அடிப்பலகையில் ஓர் ஓட்டை. அவன் நீலத் துணியைச் சுருட்டி அதை அடைக்கிறான். கடைசிக் காட்சியில் இருவரும் அதே படகில் தப்பிக்கிறார்கள். அவன் காயம்பட்டு அரை மயக்கத்தில் கிடக்கிறான். கட்டுப்போட ஏதாவது கிடைக்குமா என்று அவள் இருட்டில் காலடியைத் தடவுகிறாள். ஒரு துணி அகப்படுகிறது. உருவுகிறாள்.

"சார், அந்தப் பொண்ணுக்கு வேற துணியே கிடைக்கலையா?" என்று கேட்டாள் மூன்றாம் வரிசை ரேடியோ. வாய் ஓயாததால் வகுப்பு வைத்த பெயர் அது.

"கிடைச்சிருந்தா நாடகம் முடிஞ்சிருக்காதேம்மா."

"அவங்களுக்கு முடிஞ்சிருச்சு சார். எங்களுக்குத்தான் பரீட்சை இருக்கு."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். எவ்வளவு களைத்திருந்தாலும், ஒரு கதை எப்படி இயங்குகிறது என்று திறந்து காட்டுவதில் எனக்கு ஆசை தீராது. பலகையில் எழுதினேன்: முன்னுணர்த்தல்.

"முதல் காட்சியில் ஆடுவது கடைசிக் காட்சியில் விழும். எழுதினவர் முன்னாடியே காட்டிடுவார். நாமதான் கவனிக்கணும்."

அதன் கீழே: நாடக முரண். அந்தத் துணி எதற்கு என்று அரங்கில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். மேடையில் இருப்பவளுக்கு மட்டும் தெரியாது.

வீட்டுப்பாடம் கொடுத்தேன். முன்னுணர்த்தலுக்கு நீங்கள் பார்த்த ஓர் உதாரணம்.

மறுநாள் நோட்டுகள் வந்தன. எங்கள் தொழிலில் ஒரு ரகசியம் உண்டு. பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்திடுவோம். 'படித்தேன்' என்று யாரும் எழுதுவதில்லை. எங்கள் களைப்பு முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளும். வெளியே மழை பிடித்திருந்தது. புரட்டினேன். பார்த்தேன், கையெழுத்து. பார்த்தேன், கையெழுத்து.

முடித்துவிட்டு எண்ணினேன். முப்பத்தொன்பது.

வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர்.

அதிகமாக இருந்தது பழுப்பு அட்டை போட்ட ஒரு நோட்டு. பெயர் இல்லை. அட்டை ஈரமாக இருந்தது. நனைந்த செங்கல்லின் வாசம் வந்தது.

கட்டை எடுத்துப்போக வந்த மணியக்காவின் கை அதைக் கண்டதும் நின்றது. பள்ளிக்கு மணியடிப்பவர் அவர்.

"இது எங்க இருந்து வந்துச்சு சார்?"

"கட்டுல இருந்துச்சு. ஏன்க்கா?"

"படிச்சீங்களா?"

"பார்த்தேன்."

அவர் குரல் இறங்கியது. "முன்னாடி இருந்த சாரும் இதையேதான் சொன்னாரு."

போன வருடம் ஒரு மாணவி. இதே பாடம், இதே கேள்வி. மாடிக் கைப்பிடிச் சுவர் ஆடுகிறது என்று எழுதியிருந்தாளாம். அடியில் சிவப்பு மையில் 'பார்த்தேன்'. நான்காம் நாள், மழையில், சுவரோடு அவளும் போனாள்.

"அவ நோட்டுக்கும் பழுப்பு அட்டைதான் சார்."

நோட்டைத் திறந்தேன். உருண்டையான, அழுத்தி எழுதிய எழுத்து.

'உதாரணம்: மூன்றாம் வரிசைக்கு மேலே உள்ள மின்விசிறி. சுற்றும்போது கொக்கி டக் டக் என்கிறது. முதல் காட்சியில் ஆடுவது கடைசிக் காட்சியில் விழும்.'

நான் நேற்று வகுப்பில் சொன்ன வாக்கியம்.

அதன் கீழே, என் கையால்: பார்த்தேன்.

மூன்றாம் வரிசை. ரேடியோ.

ஒரு மாடி இறங்கி ஓடினேன். கணக்கு டீச்சர் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே விசிறி சுற்றியது.

டக்.

"எல்லாரும் எழுந்து வெளிய வாங்க!"

"வெளிய மழை சார்," என்றாள் ரேடியோ.

"பேசாம வாம்மா!"

"பையை எடுத்து..."

"விட்டுட்டு வா!"

டக்.

பிறகு அந்தச் சத்தம் நின்றது.

விசிறி விழுந்தபோது பெஞ்சில் அவள் பை மட்டும் இருந்தது. ரேடியோ என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திரும்ப மேலே போனேன். மேஜையில் பழுப்பு நோட்டு இல்லை.

"படிச்சிட்டீங்கல்ல சார். அதுக்குத்தான் வந்திருக்கும். போயிருக்கும்," என்றார் மணியக்கா.

நானும் நம்பினேன். அதன் பிறகு ஒவ்வொரு வரியையும் படித்தேன். அடியில் 'படித்தேன்' என்றே எழுதினேன். கட்டு முடிய இரண்டு மணி நேரம் ஆனது. உடம்பு ஓய்ந்துபோனது. ஆனாலும் தினமும் எண்ணினேன். முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு.

இரண்டு வாரம் கழித்து ஒரு மதியம், முப்பத்தொன்பது.

செங்கல் வாசம் முதலில் வந்தது. கட்டின் அடியிலிருந்து அதை உருவினேன். உருவும்போதே படகுத் துணி நினைவுக்கு வந்தது. புதிய பக்கம். மை உலரவில்லை.

'உதாரணம்: எங்கள் புது சார். மொத்தம் நாற்பத்திரண்டு படி. முதலில் இரண்டு இடத்தில் நின்றார். பிறகு மூன்று. இன்று ஐந்து. இடது தோளைத் தேய்த்துக்கொள்கிறார். நோட்டுக் கட்டின் கனம் என்று நினைக்கிறார்.'

நினைத்ததுதான். யாரிடமும் சொன்னதில்லை.

நாடக முரண் என்றால் என்ன என்று எத்தனையோ வருடமாக விளக்கியிருக்கிறேன். உங்களுக்கு முதல் பத்தியிலேயே தெரிந்திருக்கும். மேடையில் நின்றவனுக்குத்தான் தெரியவில்லை.

பக்கத்தின் அடியில் சிவப்பில் ஒரு சொல் இருந்தது. என் பேனா இன்னும் மூடியிருந்தது. எழுத்து உருண்டையாக, அழுத்தி எழுதியதாக இருந்தது.

பார்த்தேன்.

ஜன்னலைத் திறந்து மணியக்காவைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரிக்கு ஒரு வண்டி வேண்டும் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். சேலைத் தலைப்பால் முக்காடு போட்டுக்கொண்டு மழைக்குள் ஓடினார். தோளிலிருந்து வலி மெதுவாக முழங்கைக்கு இறங்கியது. கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து அவர் குரல் வந்தது.

"வண்டி வந்துருச்சு சார்! மெதுவா இறங்குங்க, நான் மேல வரேன்!"

எழுந்தேன். பழக்கம் விடவில்லை. நோட்டுக் கட்டையும் ஒரு கையால் தூக்கினேன்.

கனமே இல்லை. செங்கல் வாசம் அடித்தது.

மறுபக்கத்தை யாரோ பிடித்திருந்தார்கள்.