தூங்கிட்டியா தாத்தா?

அமெரிக்காவின் டுலூத் நகரத்து மேட்டுத்தெருவில், கின்னுனென் கிழவரின் வீட்டு முன்னால் நோரீன் வேனை நிறுத்தியபோது, ஏரிப் பக்கத்திலிருந்து பனிமூட்டம் மெல்ல மேலேறிக்கொண்டிருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்துவிட்டன.

செத்துப்போனவர்களின் வீடுகளைக் காலிசெய்து கொடுப்பது நோரீனின் தொழில். அவள் தம்பி டுவெயின் ஹால்வர்சன் அவளிடம் சாமான் தூக்குகிறான். தூக்குகிறான் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். முக்கால்வாசி நேரம் இறந்தவர்களின் சோபாவில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். வயது ஐம்பதை நெருங்குகிறது. மனைவி போய்விட்டாள். முன்பல் இரண்டும் போய்விட்டன. வாழ்ந்ததற்கு அடையாளமாக அவனிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு எண். இணையச் சதுரங்கத்தில் அவனுடைய ரேட்டிங், இரண்டாயிரத்து ஒன்று.

அந்தக் கடைசி ஒன்றைப் பச்சைக் குழந்தையைப் போலப் பொத்தி வைத்திருந்தான். இரண்டாயிரத்தைத் தாண்டிய நாளிலிருந்து ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. தோற்றால் எண் இறங்கிவிடுமே.

"டேய், இறங்கு. அந்த நம்பரை முறைச்சுப் பார்த்துட்டே இருந்தா அது குட்டி போடுமா?"

"உனக்கென்ன தெரியும் நோரீன்? நூலகத்து செஸ் கிளப்ல ஒருத்தனாச்சும் இதைத் தொட்டிருக்கானா?"

"ஆமா, பெரிய சாதனை. நன்றி நாள் விருந்துல போன்ல ஆடி என்னை ஜெயிச்சியே, அதுவும் அதுல சேர்த்திதானே? நான் வான்கோழியை அடுப்புல இருந்து எடுக்கப் போனேன். அதுக்குள்ள என் நேரம் ஓடிப்போச்சு. மறு ஆட்டம் கேட்டா பெருக்கல் குறியை அழுத்திட்டு பூசணி இனிப்பை வாயில அடைச்சுக்கிட்டே."

"ஜெயிச்சது ஜெயிச்சதுதான்."

"நேரம் தீர்ந்து ஜெயிச்சா இன்னொரு ஆட்டம் கொடுக்கறதுதான்டா மரியாதை. சின்னப் பசங்களுக்குக்கூடத் தெரியும்."

"மரியாதை எல்லாம் தோத்தவங்க கண்டுபிடிச்சது. ஜெயிச்சியா, கிளம்பு. அவ்வளவுதான் என் சட்டம்."

இந்தச் சட்டத்தைத்தான் அவன் வருஷக்கணக்காகக் கடைப்பிடித்தான். எதிராளியின் விரல் தவறி ராணி போனாலும் சரி, இணைப்பு அறுந்து போனாலும் சரி, வெற்றியை வாயில் கவ்விக்கொண்டு ஓடிவிடுவான். ஓடும்போது அரட்டைப் பெட்டியில் ஒரு கேலி எழுதிவிட்டுத்தான் ஓடுவான். கிராண்ட்மாஸ்டரோடு தன் பெயரை ஒட்டி, 'கிராண்ட்டுவெயின்' என்று தனக்குத்தானே பெயர் சூட்டிக்கொண்டவனிடம் வேறு எதை எதிர்பார்க்க முடியும்?

வீட்டுக்குள் ஈரப் பலகை வாசனை. அதற்கு மேல் எரிந்த பூர்ச்ச மர விறகின் புகை வாசனை.

"கீழ சவுனா இருக்கு, விறகு மூட்டி வேர்க்கிற நீராவிக் குளியல் அறை. ஃபின்லாந்துக்காரக் கிழவர், தினம் அதுல உட்கார்ந்து வேர்ப்பாராம். நான் கீழ போறேன். நீ மேல அந்த அறையைப் பாரு. அங்கதான் உயிர் போயிருக்கு. பயமா இருந்தா கூப்பிடு."

"பயமா? எனக்கா?"

மேல் அறை சின்னது. ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர எதுவும் இல்லை. ஒரு மேசை, ஒரு மர நாற்காலி, பழைய கம்ப்யூட்டர்.

திரை எரிந்துகொண்டிருந்தது.

"நோரீன்! நேத்து நீ வந்தப்ப கம்ப்யூட்டரை அணைக்கலையா?"

படிக்கட்டின் அடியிலிருந்து அவள் குரல் வந்தது. "நேத்து எல்லாமே அணைஞ்சுதான் கிடந்துச்சு. ஏன்?"

அவன் மேசைப் பக்கம் குனிந்தான். திரையில் ஒரு சதுரங்கப் பலகை. முடிந்துபோன ஆட்டம். கறுப்பு ராணி இன்னும் ஒரு கட்டம் நகர்ந்திருந்தால் வெள்ளை ராஜா காலி. நகரவில்லை. நேரம் தீர்ந்து கறுப்பு தோற்றிருந்தது.

வெள்ளையின் பெயர் கிராண்ட்டுவெயின். கறுப்பின் பெயர் சவுனாதாத்தா.

அரட்டைப் பெட்டியில் ஒரே ஒரு வரி இருந்தது. அவன் எழுதிய வரி.

'தூங்கிட்டியா தாத்தா?'

டுவெயினுக்கு ஞாபகம் வந்தது. அவனை இரண்டாயிரத்துக்கு மேல் ஏற்றிவிட்ட ஆட்டம். கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை. தோற்றுவிட்டோம் என்று நினைத்திருந்தபோது எதிராளி திடீரென்று அசையாமல் போனான். நிமிஷக்கணக்காகக் கடிகாரம் கரைந்து கரைந்து, வெற்றி இவன் மடியில் விழுந்தது. அடுத்த நொடியே சவுனாதாத்தா மறு ஆட்டம் கேட்டார். இவன் சிரித்துக்கொண்டே பெருக்கல் குறியை அழுத்தினான்.

"அந்தக் கிழவர் எப்ப செத்தார்?" என்று கத்தினான்.

"கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை. ஆட்டத்துக்கு நடுவுல மாரடைப்பாம். கையை நகர்த்தக்கூட முடியலையாம், அப்படியே உட்கார்ந்த வாக்குல. பாவம்!"

ஆட்டத்துக்கு நடுவில்.

அப்படியானால் ஆட்டம் முடிந்த பிறகு மறு ஆட்டம் கேட்டது யார்?

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் படியிறங்கி ஓடியிருப்பார்கள். டுவெயினின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான்.

'சவுனாதாத்தா மறு ஆட்டம் கேட்கிறார்.'

பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. பிறகு, அவனுக்கே உரிய அந்தச் சின்னப் புத்தி விழித்துக்கொண்டது. கம்ப்யூட்டர் ஏதோ கோளாறில் தானாகக் கேட்கிறது. செத்தவன் காய் நகர்த்த மாட்டான். நேரம் தீரும். எட்டுப் புள்ளி இலவசம்.

ஏற்றுக்கொண்டான்.

மறு ஆட்டத்தில் நிறம் மாறும். இப்போது கிழவருக்கு வெள்ளை. வெள்ளை முதல் காயை நகர்த்தாவிட்டால் ஆட்டமே ரத்தாகிவிடும், புள்ளி கிடையாது. இந்த விதி டுவெயினுக்கு நன்றாகத் தெரியும். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இறந்த மனிதரின் மவுஸைத் தானே பிடித்து, வெள்ளைச் சிப்பாயை இரண்டு கட்டம் முன்னால் தள்ளினான். பிறகு தன் போனில் ஒரு கறுப்புச் சிப்பாயை நகர்த்தினான். பிணத்தின் கையைப் பிடித்துக் கையெழுத்து வாங்குகிறவனுக்கும் இவனுக்கும் வித்தியாசம் ஒன்றுமில்லை.

இனி காத்திருந்தால் போதும். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

நாற்காலி சூடாக இருந்தது.

யாரோ இப்போதுதான் எழுந்து போனதைப் போல. புகை வாசனை பக்கத்தில் வந்தது.

திரையில் வெள்ளைக் குதிரை நகர்ந்தது. பழக்கத்தில் அவன் விரல் பதிலுக்கு இன்னொரு கறுப்புச் சிப்பாயைத் தள்ளிவிட்டது.

டுவெயின் எழுந்து சுவரிலிருந்த மின்செருகியைப் பிடுங்கினான். திரை இருண்டது. அறையும் இருண்டது. ஜன்னலின் சாம்பல் வெளிச்சம் மட்டும் மிச்சம். "கோளாறு," என்று முணுமுணுத்தான்.

கையில் போன் அதிர்ந்தது. வெள்ளை மந்திரி நகர்ந்திருந்தது. அவன் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

போனை வீசிவிட்டுப் போயிருக்கலாம். போனால் தோல்வி. தோற்றால் எண் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கிவிடும். மறுபடி உட்கார்ந்து, குதிரையை நகர்த்தினான்.

கிழவர் நிதானமாக ஆடினார். ஒவ்வொரு காய் நகரும் முன்பும் மேசைப் பலகையில் விரல் முட்டியால் தட்டும் சத்தம்.

டொக்.

காது பக்கத்தில் மூச்சு. சவுனாவிலிருந்து வரும் மூச்சைப் போல ஈரமாக, வெதுவெதுப்பாக.

டொக்.

டுவெயின் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க நேரமில்லை. ஏனென்றால் அவன் ஜெயித்துக்கொண்டிருந்தான். கிழவர் ஒரு யானையை விட்டுக்கொடுத்தார். பிறகு ராணியையும். இன்னும் ஒரே நகர்த்தல். கறுப்பு ராணி ஒரு கட்டம் போனால் வெள்ளை ராஜா காலி.

அப்போது இடது தோளில் ஒரு கை விழுந்ததைப் போல இருந்தது.

கனமான கை. அது அப்படியே நெஞ்சுக்குள் இறங்கியது.

கட்டைவிரலை நகர்த்தப் பார்த்தான். நகரவில்லை. விரல் திரைக்கு மேலேயே மரத்துப்போய் நின்றது. கடிகாரம் கரைந்தது. இரண்டு நிமிஷம் சொச்சம்.

கீழே நோரீன் எதையோ இழுத்துக்கொண்டு பாட்டு முணுமுணுத்தாள்.

"நோ..." என்று ஆரம்பித்தான். நுரையீரலில் ஒரு கூச்சலுக்கு மட்டும் மூச்சு இருப்பது அவனுக்குப் புரிந்தது. கத்தினால் அவள் ஓடி வருவாள். வேன் வாசலில்தான் நிற்கிறது. ஆஸ்பத்திரி மேட்டுக்குக் கீழேதான்.

அல்லது அந்த மூச்சைப் பிடித்து, முழு பலத்தையும் கட்டைவிரலுக்கு அனுப்பலாம். ஒரே ஒரு கட்டம்.

டுவெயின் ஹால்வர்சன் வாயை மூடிக்கொண்டு ராணியைப் பார்த்தான்.

விரல் துடித்தது. ராணியைத் தொட்டது. பாதிக் கட்டம் இழுத்தது.

நேரம் தீர்ந்தது.

எண் கீழே உருண்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்று. அரட்டைப் பெட்டியில் எழுத்துகள் ஒவ்வொன்றாக, வயதானவர் தட்டுவதைப் போல மெதுவாக வந்தன.

'தூங்கிட்டியா தம்பி?'

அப்போதும் அவன் அக்காவைக் கூப்பிடவில்லை. விரல் தானாகச் சரிந்து 'மறு ஆட்டம்' என்ற பொத்தானில் விழுந்தது. அவன் கண்கள் கடைசியாகப் பார்த்தது அதற்கு வந்த பதிலைத்தான்.

எதிராளி மறுத்துவிட்டார்.

*

மார்ச் மாதம் பனி கரைய ஆரம்பித்தபோது, நோரீன் தன் வீட்டுச் சமையலறையில் உருளைக்கிழங்கை மேலே அடுக்கிய இறைச்சித் தட்டை அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள். மேசையில் போன் அதிர்ந்தது.

'கிராண்ட்டுவெயின் மறு ஆட்டம் கேட்கிறார்.'

அவனுடைய போனை அவள்தான் தன் கையால் அணைத்து, சவப்பெட்டிக்குள், அவன் சட்டைப்பையில் வைத்தாள்.

அவளுக்கு மட்டும் வரவில்லை. நூலகத்து கிளப்பில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஃபார்கோவில் ஒரு டீச்சர், வினிபெக்கில் ஒரு பல் வைத்தியர், அவன் ஜெயித்துவிட்டு ஓடிய ஒவ்வொருவருக்கும் வருகிறதாம். நாள் தவறாமல் கேட்கிறதாம். ஒருவரும் ஏற்கவில்லை.

நோரீன் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். பச்சைப் புள்ளி எரிந்தது. அரட்டைப் பெட்டியில், உயிரோடு இருந்தவரை அவன் யாரிடமும் சொல்லியிராத ஒரு சொல் இருந்தது.

'ப்ளீஸ்.'

அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எங்கிருந்தோ எரிந்த பூர்ச்ச மரத்தின் வாசனை வந்தது.

"ஜெயிச்சியா, கிளம்புன்னு சொன்னே. தோத்துட்டியே, நீயும் கிளம்புடா," என்றாள்.

பெருக்கல் குறியை அழுத்தினாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

முதுகுக்குப் பின்னால், மேசைப் பலகையில், போன் மறுபடியும் அதிர ஆரம்பித்தது.