ஜினிக்குப் பழகிய சத்தம்

அன்று காற்று சுத்தமாக விழுந்துவிட்டது. ஆரல்வாய்மொழிப் பொட்டலில் ஒரு காற்றாலைக் காற்றாடிகூட அசையவில்லை. ஆனாலும் சுஜிக்கு அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. ஹூஷ்... ஹூஷ்... ஹூஷ்... மடியில் கிடந்த கைக்குழந்தை ஜினியின் தலைக்குள்ளிருந்து வந்தது.

பிள்ளை பிறந்ததிலிருந்தே அதைக் கேட்டிருக்கிறாள். "ஏட்டி, அது காத்தாடிச் சத்தம். நான் நாள் முழுக்க அதுக்கடியில நிக்கவன், எனக்குத் தெரியாதா?" என்பான் புருஷன் ஜெபிஷ். காற்றாலை மெக்கானிக் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்? அவளும் நம்பித் தொலைத்தாள். அந்தத் தாளத்துக்கே மடியை ஆட்டி, உதட்டைக் குவித்துத் தானும் ஹூஷ், ஹூஷ் என்று ஊதித்தான் பிள்ளையைத் தூங்கவைப்பாள்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். திருவனந்தபுரத்து டாக்டர் ஸ்கேனைக் காட்டி விளக்கினார். மூளைக்குள் தமனிகள் நேராக ஒரு சிரைக்குள் ரத்தத்தைக் கொட்டுகின்றன. சிரை பலூனாக வீங்கிவிட்டது. இறைத்து இறைத்தே பிஞ்சு இதயம் களைத்துப்போயிற்று. மண்டையைத் திறக்கவில்லை. தொடை வழியாக மயிரிழைக் குழாயொன்றை மூளைவரை ஏற்றி, பசை விட்டு அடைத்தார்கள். சுஜி பிள்ளையின் உச்சியில் காதை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ஐ.சி.யூ. வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள்.

"முழுசும் அடைக்கல்ல, இன்னொரு தடவை வரணும்," என்றார் டாக்டர். "அதுக்கு முன்ன அந்தச் சத்தம் திரும்பி வந்தா, அப்பவே கொண்டு வரணும், கேட்டோ? பிள்ளை தாங்காது."

வீட்டுக்கு வந்த பிறகு ஜினி தூங்கவேயில்லை. தொட்டிலில் போட்டால் வீறிட்டாள். தோளில் போட்டால், கண்ணை அகலத் திறந்துகொண்டு, எதையோ கேட்கக் காத்திருப்பவள்போல் கிடந்தாள்.

"எதுக்கு மக்கா அழுத? அதுதான் போயிட்டுல்லா," என்றாள் சுஜி.

ஒரு மதியம், ஜெபிஷ் வேலைக்குப் போன பிறகு, காற்று மறுபடி விழுந்தது. காய்ச்சிய பாலின் வாசமும் கொடியில் கிடந்த துணிகளின் டெட்டால் வாசமும் நகர வழியில்லாமல் அறைக்குள்ளேயே நின்றன; சுவர்க்கடிகாரம்கூட உரக்கக் கேட்கிற அளவுக்குத் தெரு அடங்கிக் கிடந்தது. ஜினி முகம் கறுத்துப்போகும்படி அழுதாள். இப்படி அழுதால் தலைக்குள் ஏதாவது ஆகிவிடுமே என்று சுஜி அவளை வாரித் தோளில் போட்டாள். வேறு வழி தெரியாமல் கண்ணை மூடி, அந்தப் பழைய தாளத்தில் ஊதினாள். ஹூஷ்... ஹூஷ்... ஹூஷ்...

அழுகை சட்டென்று நின்றது. பிஞ்சு உடம்பு தோளில் தளர்ந்தது. அப்பாடா என்று சுஜி ஊதுவதை நிறுத்தினாள்.

சத்தம் நிற்கவில்லை.

பதறிப்போய் உச்சியில் காதை வைத்தாள். அங்கே அமைதி. ஜன்னலுக்கு வெளியே காற்றாடிகள் அசையாமல் நின்றன. போனை எடுத்து ஜெபிஷைக் கூப்பிட்டாள்.

"சத்தம் கேக்கு," என்றாள்.

"பிள்ள தலையிலயா?" ஜெபிஷின் குரல் உடைந்தது.

"இல்ல."

"பின்ன எங்கட்டி?"

முதுகுக்குப் பின்னால். திரும்பினாள்.

சேலைத் தொட்டில். அதில் யாரும் இல்லை. ஆனால் கனத்துத் தொங்கியது. ஒவ்வொரு ஹூஷுக்கும் துணி புடைத்தது. சுருங்கியது. புடைத்தது.

ஜினி அதைப் பார்த்தாள். சிரித்தாள். இரண்டு கையையும் நீட்டினாள்.

"வேண்டாம் மக்கா." சுஜி போனைக் கீழே போட்டாள். உள்ளங்கையால் பிள்ளையின் உச்சிக்குழியை மூடினாள். இறுக்கமாக. அழுத்தவும் பயம். எடுக்கவும் பயம்.

தொட்டில் துணி தட்டையாக விழுந்தது.

அறை அடங்கிப்போனது. தரையில் கிடந்த போனில் ஜெபிஷ் மட்டும் கத்திக்கொண்டிருந்தான். "ஏட்டி, எங்கன்னு சொல்லு!"

ஜினி நிம்மதியாகக் கண்ணை மூடினாள். சுஜியின் கைக்கு அடியில், உச்சிக்குழி மெல்லப் புடைத்தது.

ஹூஷ்.