தரை வருமுன் இறங்கிய விமானம்

விமானத்தில் ஒரு கோளாறும் இல்லை. அதுதான் இன்பராணிக்குப் பிடிபடவில்லை.

காஹாங் செம்பனைத் தோட்டத்தின் புல் ஓடுபாதையில், ஒற்றை எஞ்சின் சரக்கு விமானம் ஒரு கால் மடங்கி, இறக்கை நுனியை மண்ணில் குத்திக்கொண்டு கிடந்தது. நேற்றுக் காலை, செம்பனைப் பழத்தைப் பிழியும் எண்ணெய் ஆலைக்கு இயந்திர உதிரிகள் ஏற்றி வந்தபோது கல் மாதிரி விழுந்திருக்கிறது. விமானி ஷரோனுக்குக் கழுத்துச் சுளுக்கோடு போயிற்று. ஆனால் கவனக்குறைவு என்று கம்பெனி முடிவே கட்டிவிட்டது. விசாரணைக்கு வந்த இன்பராணி மாலைக்குள் வேறு காரணம் காட்டாவிட்டால், ஷரோன் இனி விமானம் ஓட்ட முடியாது.

எஞ்சின், எரிபொருள், பாரம், காற்று எல்லாம் பார்த்தாயிற்று. எல்லாம் சரி.

மிச்சமிருந்தது சக்கரத் தடம். ஒழுங்காக இறங்கும் விமானம் புல்லை முதலில் லேசாகத் தடவும்; தடம் மெல்லிய கோடாகத் தொடங்கிப் போகப் போக அழுந்தும். இங்கே கோடே இல்லை. முதல் தடமே குழி.

விமானி கடைசி நொடியில் மூக்கைத் தூக்குவார். வேகம் குறையும், இறக்கைகள் பாரத்தைக் கைவிடும். அது தரைக்கு ஒரு சாண் மேலே நடந்தால் விமானம் பூப்போல உட்காரும். கூரை உயரத்தில் நடந்தால் இப்படித்தான் குழி பறிக்கும்.

"அவ்வளவு ஒசரத்துல ஏம்மா மூக்கத் தூக்குன?"

கழுத்துப் பட்டையோடு நின்ற ஷரோன் திரும்ப முடியாமல் உடம்போடு திரும்பினாள். "ஒசரமா? தரைக்கு வந்துட்டேன்னுதான் தூக்குனேன் அக்கா."

பொய் சொல்பவள் காற்றின் மேல் பழி போட்டிருப்பாள் என்று இன்பராணி நினைத்தாள். அப்படியானால் ஏமாந்தது கண். அந்த நேரத்தில் எந்த விமானியும் கருவியைப் பார்ப்பதில்லை. பாதையின் இரு ஓரங்களைத்தான் பார்ப்பார்.

அவள் ஓரத்துக்கு நடந்தாள். பாதையின் எல்லையைக் காட்ட வெள்ளையடித்த பழைய டயர்கள் வரிசையாகக் கிடந்தன. ஒன்றைப் புரட்டினாள். அடியில் புல் பச்சையாக இருந்தது. வருஷக்கணக்காக வெயில் படாத புல் பச்சையாக இருக்குமா? பாதைக்குள் திரும்பி நடந்தபோது அகப்பட்டன: வெளுத்த மஞ்சள் வட்டங்கள், ஒன்றன்பின் ஒன்றாக. எதிர்ப்பக்கமும் அதே கதை.

ஓடுபாதையைப் பராமரிக்கும் மீரா சாகிபு, இங்கே எதுவும் மாறவில்லை என்று காலையில்தான் சாதித்திருந்தார். இன்பராணி அவரை அங்கே கூப்பிட்டாள்.

"டயர யார் நகத்துனது, பாய்?"

அவர் வட்டங்களைப் பார்த்தார். தாடியைத் தடவினார். போன வாரம் மகள் ஷைமாவுக்குக் கல்யாணம். தோட்டமே விருந்துக்கு வந்தது. கார் நிறுத்த இடம் போதவில்லை. டயர்களை இரு பக்கமும் வெளியே தள்ளிவைத்து, அதுவரைக்கும் புல்லையும் வெட்டச் சொல்லியிருக்கிறார்.

"அப்புறம் ஏன் திருப்பி வைக்கல?"

"அகலமா இருந்தா எறங்குறவங்களுக்கு நல்லதுதானேன்னு விட்டுட்டேன் லா." குரல் இறங்கியது. "இதப் போய் மாத்தம்னு நான் நெனைக்கல மேடம்."

"பிரியாணிக்கும் என்னக் கூப்புடல," என்றாள் ஷரோன். கல்யாணத்துக்குப் பிறகு அவள் இங்கே இறங்கியது நேற்றுத்தான்.

இன்பராணி கம்பெனிக்குப் போன் செய்தாள். மேலாளருக்குப் பொறுமையாக விளக்கினாள். மாடியிலிருந்து பார்த்தால் தெரு ஒடுங்கித் தெரியும்; இறங்க இறங்க விரியும். பழகிய பாதையில் விமானியின் கண் அந்த விரிவை வைத்தே உயரத்தை அளக்கிறது. இங்கே பாதை ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது. ஆகவே கூரை உயரத்திலேயே, தரை வந்துவிட்டது என்று கண் சொன்னது. ஷரோனின் கை அதற்குக் கீழ்ப்படிந்தது.

"தப்பு அவ மேல இல்ல சார். டயரப் பழைய எடத்துல வைக்கணும், வெளிய இருக்குற புல்ல வளர விடணும். இனி ஓரத்த மாத்துனா, எறங்குறவங்களுக்கு முன்னாடியே சொல்லணும். அவ்வளவுதான்."