வாயாடியின் நாற்பத்தொரு வார்த்தைகள்

அன்று மதியம் வாயாடி தண்ணீர் கேட்கவில்லை. வெறுமனே டம்ளரை நீட்டினாள்.

அம்மாக்காரி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கையில் துடைப்பம், தோளில் ஈரத் துண்டு, அடுப்பில் பால். இந்த லட்சணத்தில் யார் வாயைத் திறந்தார்கள், திறக்கவில்லை என்று பார்த்துக்கொண்டா இருக்க முடியும்? ஊற்றிக் கொடுத்தாள். குழந்தை குடித்துவிட்டு டம்ளரைக் கீழே போட்டு, ஊருக்கே துக்கச் செய்தி சொல்பவள்போல் "போச்சு" என்றாள். அது வந்தது. "தண்ணி"தான் வரவில்லை.

"தண்ணின்னு கேளு, இன்னும் தரேன்."

அப்படி ஒரு வார்த்தையை வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்பவள்போல் வாயாடி அம்மாவின் வாயையே பார்த்தாள்.

இரண்டு வயதுப் பரிசோதனைக்கு வரும்போது குழந்தை பேசும் வார்த்தைகளையெல்லாம் எழுதி எடுத்து வரச் சொல்லியிருந்தாள் நர்ஸ். பட்டியல் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. நாற்பத்தொன்று. முதல் வார்த்தையே தண்ணி.

வாயாடி தூங்கும் மதியம் ஒன்றரை மணி நேரம்தான் அம்மாக்காரிக்குச் சொந்தமானது. வாஷிங் மெஷின் ஓடினால்தான் அந்தக் குழந்தைக்குத் தூக்கம் பிடிக்கும். அதனால் துவைக்கத் துணி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மெஷின் ஓடும். அதன் தலைமேல் நோட்டை வைத்து நின்றபடியே எழுதுவாள். உட்கார்ந்தால் கண் சொருகிவிடும். இழுத்து மூடிய திரைக்குப் பின்னால் மதிய வெயில் பழுப்பாகக் கசியும். சோப்பு வாடையும் காயாத துணியின் புழுங்கல் வாடையும் அறையில் தேங்கி நிற்கும். மெஷின் அதிர அதிர எழுத்தும் கிழவியின் கையெழுத்துபோல் நடுங்கும்.

ஐந்து வருஷமாக ஒரே நாவல். கதை அவளுக்குப் பேச்சாகத்தான் வரும். முகம் தெரியாது, வீடு தெரியாது. இரண்டு பேர் பேசிக்கொள்வது காதில் விழும், எழுதிக்கொள்வாள். யார், எங்கே, என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்பதெல்லாம் பிறகு. அப்படிப்பட்டவளிடம்தான் பதிப்பக ஆசிரியை போனில் சொல்லியிருந்தாள்:

"கோவிச்சுக்காதீங்க. உங்க கதையில வர்ற குழந்தை வக்கீல் மாதிரி பேசுது."

"அப்படியா இருக்கு?"

"வீட்டுலயே ஒண்ணு வச்சிருக்கீங்க. அது பேசறத அப்படியே எழுதுங்களேன். மாசக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள்ள வந்தாகணும். இல்லன்னா எங்க முதலாளி உங்க புத்தகத்தையே மறந்துடச் சொல்லிட்டாரு."

அப்படியே எழுதினாள். முதல் நாள், வாயாடி வெறும் டம்ளரை நீட்டுவதற்குச் சற்று முன், கதையில் வரும் குழந்தை சமையலறை வாசலில் நின்று "தண்ணி" என்றது. ஐந்து வருஷமாக மரப்பாச்சிபோல் நின்ற குழந்தை மூச்சு விட்டது. அவளுக்கே உடம்பு சிலிர்த்தது.

மறுநாள் "போச்சு" எழுதினாள். அன்று சாயங்காலம் வாயாடி தட்டைத் தள்ளிவிட்டாள். தட்டு உருண்டு, சுவரில் மோதி, சுழன்று சுழன்று அடங்கியது. வாயாடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம், லிஃப்ட் மெக்கானிக்கான புருஷன் கிரீஸ் வாடையோடு வந்து குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

"என்னடி வாயாடி, வாய்க்குப் பூட்டா? சாவி யாருகிட்ட?"

"நாலஞ்சு நாளாவே இப்படித்தாங்க இருக்கா. சில வார்த்தை வரமாட்டேங்குது."

"பல்லு மொளைக்குதோ என்னவோ. விடு, நீயும் கொஞ்சம் நிம்மதியா எழுதலாம்ல."

உண்மைதான். வீடு அமைதியாகிக்கொண்டு வந்தது. "வேணாம்" போன பிறகு சாப்பாட்டு நேரச் சண்டை போயிற்று. "இன்னும்" போன பிறகு ஒரே பொம்மைக் கதையை ஒன்பது தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த அமைதியில் பக்கங்கள் ஓடின. நர்ஸுக்குப் போன் செய்ய நினைத்தாள். வெள்ளிக்கிழமை தாண்டட்டும் என்று வைத்துவிட்டாள்.

மூன்றாவது வாரம் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக் காட்டினாள். குழந்தை திருப்பிச் சொல்லாததைப் பென்சிலால் அடித்தாள். இருபத்திரண்டு. நோட்டைப் புரட்டினாள். கதைக் குழந்தை பேசியதும் அதே இருபத்திரண்டு. ஒன்று கூடவில்லை. ஒன்று குறையவில்லை.

மெஷின் நின்றுபோயிருந்தது. குழாயில் சொட்டுச் சொட்டாக நீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"தண்ணி" இருந்த பக்கத்தைக் கிழித்தாள். அடுப்பில் காட்டினாள். தாள் சுருண்டு கருகியது. டம்ளரை நிரப்பிக் குழந்தையின் முன் நீட்டினாள்.

"சொல்லுடி கண்ணு. இது என்ன?"

குழந்தை சிரித்தாள். குடித்தாள். சொல்லவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் அவளால் யாரிடமும் சொல்ல முடியாது. அடுத்த நாள் மதியம் மறுபடி மெஷினைப் போட்டாள். நோட்டைத் திறந்தாள். தெரிந்தே எழுதினாள். சொல்லிக்கொடுத்தால் வார்த்தை திரும்ப வரும், புத்தகம் திரும்ப வராது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். இந்த ஒரு அத்தியாயம் மட்டும் என்றாள். அப்புறம் இன்னொன்று. ஐந்து வருஷக் களைப்பு, எந்தச் சமாதானத்தையும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டது.

பட்டியலில் மிச்சமிருந்த கடைசி வார்த்தை "தூக்கு". அதை எழுதிய அன்று நோட்டிலிருந்து தலை நிமிர்ந்தபோது, வாயாடி அவள் காலடியில் நின்றுகொண்டிருந்தாள். கம்பிக் கட்டிலுக்குக் கொக்கி போட மறந்திருந்தாள்; எப்போது இறங்கி வந்தாளோ. இரண்டு கைகளும் மேலே. உதடு மூடி. எவ்வளவு நேரமாக அப்படியே நின்றாளோ.

அள்ளி எடுத்துக்கொண்டாள். அப்போது குழந்தை அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சொன்னாள்.

"அம்மா."

பட்டியலில் அது இல்லை. மூச்சு விடுவதைப் போய் யாராவது எழுதிவைப்பார்களா? நர்ஸுக்கு எழுதியபோது அதுவும் ஒரு வார்த்தை என்றே அவளுக்குத் தோன்றவில்லை. நோட்டிலும் இல்லை. கதையில் வரும் குழந்தை இன்னும் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கடைசிப் பக்கம்.

அந்தப் பக்கத்தை எழுதும்போது, பிறந்ததிலிருந்து முதல்முறையாக, பேச்சே இல்லாமல் எழுதினாள். *கதவருகே நின்று குழந்தை கூப்பிட்டது. அவள் திரும்பினாள்.* அவ்வளவுதான். காதுக்குள் அந்த வசனம் முட்டி மோதியது. பேனாவை மூடினாள். இரண்டு ராத்திரி விழித்து எல்லாவற்றையும் தட்டச்சு செய்து, வெள்ளிக்கிழமை காலையில் அனுப்பிவிட்டாள்.

அன்று மதியம் மெஷினைப் போடவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கம்பி வழியாகக் குழந்தையின் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா."

"என்னடா?"

"அம்மா."

"இருக்கேண்டா."

"அம்மா."

சலிக்காமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். குழந்தை தூங்கியது. அவளும் சுவரில் சாய்ந்தாள்.

கூடத்தில் போன் அடித்தது. ஆசிரியை.

"பிரிண்ட் எடுத்துப் படிச்சு முடிச்சுட்டேன். கடைசி ரெண்டு பக்கம் கண்ணத் தொடச்சுக்கிட்டேதான் படிச்சேன். அச்சுக்கும் சரின்னு கையெழுத்துப் போட்டுட்டேன், சந்தோஷமா?"

"அப்படியேவா?"

"அப்படியேதான். ஒரே ஒரு இடம் மட்டும். குழந்தை கூப்பிட்டுச்சுன்னு போட்டிருக்கீங்க, என்னன்னு கூப்பிட்டுச்சுன்னு இல்ல. வசனம்தானே உங்களுக்கு முதல்ல வரும், அவசரத்துல விட்டுட்டீங்கபோலன்னு நானே பேனாவால எழுதிட்டேன். ஒரு வார்த்தைதானே."

அவள் அறைப் பக்கம் திரும்பினாள்.

கூடம் நீளமாக இருந்தது. அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே சத்தமில்லை. கம்பி அசையும் சத்தம் மட்டும். கிறீச். கிறீச்.

போனைக் காதிலிருந்து எடுக்க மறந்து ஓடினாள்.

வாயாடி எழுந்து நின்றிருந்தாள். இரு கையாலும் கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அம்மாவைப் பார்த்ததும் வாய் திறந்தது. உதடுகள் சேர்ந்தன. பிரிந்தன.

காற்றுகூட வரவில்லை.

"ஒரு நிமிஷம்," என்றாள் ஆசிரியை. குரல் மாறியிருந்தது. "உங்க பாப்பா பக்கத்துல இருக்கா?"

"ஏன்?"

"இல்ல... இங்க ஆபீஸ்ல நான் மட்டும்தான் இருக்கேன். இந்தத் தாளுக்கு அடியிலேர்ந்து..."

குழந்தை மூச்சை இழுத்துக்கொண்டாள். உதடுகள் மறுபடி சேர்ந்தன.

காதோடு ஒட்டியிருந்த போனில், தாள்கள் புரளும் சரசரப்புக்கு நடுவே, தூக்கம் கலைந்த சின்னக் குரல் ஒன்று தெளிவாகக் கேட்டது.

"அம்மா."