மூன்றாம் அறையின் தரை

லூர்துமேரி விடுதிக்கு வேலை கேட்டு வந்தது 1935ஆம் வருஷம், சித்திரை மாதத்து ஒரு காலையில். அடையாற்றுப் பாலத்தைத் தாண்டித் திருவான்மியூர் போகும் சாலையில், வெறும் மணலும் தாழம்புதருமாகக் கிடந்த பொட்டலில் அந்தப் பழைய பங்களா தனியாக நின்றது. மோட்டார் வைத்திருப்பவர்கள் கடற்காற்று வாங்க அந்தப் பக்கம் வரத் தொடங்கியிருந்த காலம். பாண்டுரங்கன் பங்களாவை வாங்கி, பின்பக்கம் புதிதாக மூன்று அறைகள் கட்டி, விடுதியாக்கியிருந்தார்.

"பெருக்கித் தொடைக்கணும், ரூமுக்கு ரூம் தண்ணி வெக்கணும். முடியுமா?" என்றார்.

"முடியும் மொதலாளி."

தான் யாரென்று அவள் சொல்லவில்லை. அவள் புருஷன் அருளப்பன் தை மாதம் இந்த விடுதிக்குக் கிணறு தோண்டப் போனவன்; ஊரூர்க் குப்பத்துக்குத் திரும்பவேயில்லை. தேடி வந்த அவள் அண்ணனிடம், அவன் ரங்கூன் கப்பல் ஏறிவிட்டதாகப் பாண்டுரங்கன் சொல்லி அனுப்பியிருந்தார். சொல்லாமல் கொள்ளாமல் போகிறவன் இல்லை அருளப்பன். எங்கோ உயிரோடு இருக்கிறான் என்று அவள் நம்பினாள். துப்பு கிடைத்தால் இங்கேதான் கிடைக்கும்.

மூன்றாம் அறை மட்டும் எப்போதும் பூட்டியே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுத்தடுத்து மோட்டார்கள் வந்து நின்றன. வேறு இடமில்லை. மயிலாப்பூர் வக்கீல் சுந்தரராமனுக்கும் அவர் மனைவிக்கும் பாண்டுரங்கன் அந்த அறையைத் திறந்துவிட்டார். பூட்டைத் திறந்தவர் உள்ளே கால் வைக்காமலே திரும்பிவிட்டதை லூர்துமேரி பார்த்தாள்.

உச்சி வெயில். காற்று நின்றுபோனது. காக்கைகூடக் கத்தவில்லை.

வக்கீல் வெறுங்காலோடு வெளியே ஓடிவந்தார்.

"என்ன ஓய் இது! கட்டிலுக்கு அடியிலேர்ந்து யாரோ தண்ணி கேக்கறா. குனிஞ்சு பார்த்தா ஒருத்தரும் இல்லை!"

அவர் மனைவி மோட்டாரில் ஏறி முகத்தை மூடிக்கொண்டாள். அரை மணிக்குள் விடுதி முழுக்கக் காலியாகிவிட்டது. பாண்டுரங்கன் வாசற்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

லூர்துமேரி ஒரு குடம் தண்ணீரோடு உள்ளே போனாள். ஈர மணல் வாசனை. சிமெண்டுத் தரை காலுக்குச் சில்லென்றிருந்தது.

"மேரி..."

அருளப்பனின் குரல்.

"மேரி... தண்ணி குடு."

குடத்தைத் தரையில் கவிழ்த்தாள். கெட்டியான சிமெண்டு, ஒரு சொட்டு விடாமல் உறிஞ்சிக்கொண்டது. இன்னொரு குடம் கொண்டுவந்து ஊற்றினாள். இன்னொன்று. தரை காய்ந்தே கிடந்தது.

வெளியே ஓடிவந்து பாண்டுரங்கனின் சட்டையைப் பிடித்தாள்.

"எம்புருசன இன்னா பண்ண? உள்ள கீறான்! என்னப் பேர் சொல்லிக் கூப்புடறான்!"

அவர் விடுவித்துக்கொள்ளக்கூடப் பார்க்கவில்லை.

"மணலு சரிஞ்சிடுச்சிம்மா. கழுத்து வரைக்கும் பொதஞ்சிட்டான். கயிறு கட்டி இழுத்தோம், அசையவே இல்ல. தண்ணி தண்ணின்னு கத்திக்கினே இருந்தான். மறுநா விடுதி தொறக்க ஊர்ப் பெரிய மனுசங்க எல்லாம் வரதா இருந்துச்சி. போலீசு வந்தா எல்லாம் போச்சேன்னு..." அவர் மூன்றாம் அறைப் பக்கம் பார்த்தார். "பலகை போட்டு மூடிட்டேன். அதும்மேலதான் பின்னால இந்த ரூமக் கட்டினேன். மூடறப்பவும் சத்தம் வந்துக்கினுதான் இருந்துச்சி."

லூர்துமேரி அழவில்லை. விறகுக் கொட்டகையிலிருந்து கடப்பாரையை எடுத்துவந்து தரையைப் பிளந்தாள். சிமெண்டு பெயர்ந்தது, பலகை முறிந்தது. பாண்டுரங்கனும் மண்டியிட்டு மணலை வாரினார். நகம் பிய்ந்து ரத்தம் வந்தும் அவள் நிறுத்தவில்லை.

அருளப்பனின் தலை தெரிந்தது. அண்ணாந்த முகம், திறந்த வாய், வாய் நிறைய மணல்.

"வந்துட்டேன்யா," என்று அந்த முகத்தைத் துடைத்தாள். "தோ, வந்துட்டேன்."

இடுப்பு வரை தோண்டி அக்குளில் கை கொடுத்து இழுத்தார்கள். வரவில்லை. முழங்கால் வரை தோண்டினார்கள். அப்போதும் வரவில்லை. கடைசியில் அவள் குழிக்குள் இறங்கி அவன் பாதத்தைத் தேடி மணலுக்குள் கையை விட்டாள்.

அவன் கணுக்காலை ஒரு கை பிடித்திருந்தது.

"மொதலாளி," என்று கிசுகிசுத்தாள். "கூட யாரு எறங்கினாங்க?"

"அவன் ஒருத்தன்தான். சத்தியமா அவன் ஒருத்தன்தான்!"

அருளப்பனின் உடம்பு ஜில்லிட்டிருந்தது. அந்த விரல்களில் மட்டும் சூடு இருந்தது.

அவள் ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். ஐந்தாவது விரல் விட்டதும் அந்தக் கை அவசரமே இல்லாமல் மணலுக்குள் இறங்கிப்போனது.

சாயங்காலம் பாண்டுரங்கன் தானே போலீசுக்குப் போனார். போலீசார் ஊற்று வரும் மட்டும் தோண்டினார்கள். வேறு யாரும் அகப்படவில்லை.

மறுநாள் காலை மாதாகோயில் கல்லறையில் அருளப்பனை இறக்கினார்கள். பிடி மண் போட லூர்துமேரி குழியோரம் குனிந்தாள். பாதத்துக்கு அடியில் மணல் லேசாக நெகிழ்ந்தது.

அவள் கணுக்காலைச் சூடாக எதுவோ தொட்டது.