மல்லிக்கு அந்தப் பக்கம்

புஷ்பலதா பிரஷ்ஷை நிறுத்தினாள். தேய்க்கும் சத்தம் நிற்கவில்லை.

குதிரை மல்லிக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. மேலிருந்து கீழே ஒரு நீளமான இழுப்பு, பிறகு பிரஷ்ஷைச் சுவரில் இரண்டு தட்டு, மறுபடி இழுப்பு என்று, விளக்கு வைக்கும் நேரத்து அரை இருட்டில், ஈர வைக்கோலும் குதிரை வியர்வையும் மணக்கும் அந்தத் தகரக் கொட்டகைக்குள் அவசரமே இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு தட்டு என்பது அவள் புருஷன் விஜயனின் பழக்கம். அவன் செத்து ஒன்றரை மாதம் ஆகிறது.

போன் அடித்தது. பேண்டு செட்டு வளவன்.

"அக்கா, ஆர்.கே.பேட்டை கல்யாணத்துக்குக் காலைல ஆறு மணிக்கெல்லாம் குதிரை வந்துடணும். தேய்ச்சுக்கினு இருக்கீங்களா?"

"ஆங்."

"கூட யாருனா இருக்காங்களா? பிரஷ் சத்தம் ரெண்டா கேக்குதே."

அவள் போனை அணைத்துவிட்டாள். மல்லியின் காதுகள் இரண்டும் அந்தப் பக்கமே திரும்பியிருந்தன. குதிரையின் காது எங்கேயோ, மனசும் அங்கே என்பான் விஜயன். பின்பக்கம் போனால் அதன் முதுகில் கை வைத்து, "நான்தான்டி மல்லி" என்று சொல்லிக்கொண்டே போவான். திடீர்ச் சத்தம் மட்டும் ஆகாது என்பான். அது தெரிந்துதான், சண்டை முற்றிய அன்று, அவன் வாலைச் சீவிக்கொண்டு நின்றபோது, இரும்பு வாளியை ஓங்கித் தரையில் எறிந்தாள். மல்லி உதைத்தது. லாரி ஹாரனுக்கு மிரண்டுவிட்டது என்று ஊருக்குச் சொன்னாள். வாளியைக் கிணற்றில் போட்டாள்.

வாசல் மல்லிக்குப் பின்னால் இருந்தது. வேறு வழி கிடையாது. மல்லியின் முதுகைத் தொட்டபடி நகர்ந்தாள். நேர் பின்னால் வந்ததும் பேச வாயைத் திறந்தாள்.

"நான்தான்டி மல்லி."

அவன் குரல். பக்கத்திலேயே.

முதுகிலிருந்த அவள் கை மேல் இன்னொரு கை விழுந்தது. ஈரமாக. இறுக்கமாக. இழுத்தாள். வரவில்லை.

பிரஷ் சத்தம் நின்றது.

மல்லியின் காதுகள் மெல்லப் பின்னால் மடிந்து தலையோடு ஒட்டின.

அவள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். வாசலில், தோள் உயரத்தில், அந்த இரும்பு வாளி கிணற்றுத் தண்ணீர் சொட்டச் சொட்ட அந்தரத்தில் நின்றது. பிறகு, எறிவதற்கு ஓங்குகிற மாதிரி, மெதுவாக மேலே போனது.